வெள்ளிக்கிழமையில் ஓர் ஐரிஷ் விருந்து

இது கட்சிக் கொடி இல்லை அக்கா. நீங்கள் இரண்டு தடவை பார்த்தீர்கள், அதனால் சொல்கிறேன். தாம்பரத்தில் ஏறிய ரயில்வே போலீஸ்காரரும் இப்படித்தான் பார்த்துவிட்டுப் போனார். சுருட்டித்தான் வைத்திருக்கிறேன், ஆனாலும் தாடி வெளியே தெரிகிறது. பச்சைத் துணி, நடுவில் தாடி வைத்த பெரியவர், கையில் கோல், காலடியில் பாம்பு. எந்தக் கட்சியில் இப்படி ஒரு தலைவர் இருக்கிறார்? இவர் புனித பேட்ரிக். அயர்லாந்து நாட்டுக்குப் பாதுகாவலர்.

ஆபீசில் இதைக் குப்பையில் போடச் சொன்னார்கள். புனிதர் படத்தைக் குப்பையில் போடலாமா? எங்கள் வழக்கப்படி எரிக்க வேண்டும், இல்லையென்றால் மண்ணில் புதைக்க வேண்டும், இல்லையென்றால் கோயிலில் கொடுத்துவிட வேண்டும். ஹாஸ்டலில் எரித்தால் வார்டன் என்னையும் சேர்த்து எரித்துவிடுவார். அதனால் ஊருக்கு எடுத்துப் போகிறேன்.

நீங்கள் எதுவரை? கோவில்பட்டியா? நான் வள்ளியூர். அப்படியானால் நேரம் இருக்கிறது, முழுசாகவே சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்ததில் ஒரு தப்பு உண்டு. ஒன்றே ஒன்று. அதை நானே சொல்வேன். மற்ற எதற்கும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

எங்கள் ஆபீஸ் தரமணியில். வேலையெல்லாம் அயர்லாந்தில் இருக்கிற ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு. அங்கே ஒருவர் மழையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டால், அவர் அனுப்பும் காகிதங்களை இங்கே உட்கார்ந்து நான் சரிபார்ப்பேன். தேதி சரியா, டாக்டர் கையெழுத்து இருக்கிறதா, உடைந்தது இடது கையா வலது கையா. ஆறு மாதத்தில் என் வேலையில் ஒரு பிழை வந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, தாலுகா ஆபீசில் அதற்குச் சான்றிதழே வாங்கியிருக்கிறேன். அப்பா கொத்தனார். அவர் சுவருக்குத் தூக்குக்குண்டு பிடிப்பது போலத்தான் நான் காகிதத்தைப் பார்ப்பேன். ஒரு நூல் அளவு சாய்ந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பிப்ரவரி கடைசியில் சுதர்சன் சார் கூப்பிட்டார். அவர்தான் மேனேஜர். மார்ச் முப்பத்தொன்றோடு என் பயிற்சிக் காலம் முடிகிறது, அதற்குப் பிறகு வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று அவர்தான் எழுத வேண்டும். என் வேலையைப் புகழ்ந்தார். புகழ்ந்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"வேலையில குறையே இல்ல வின்சி. ஆனா நீங்க யாரோடயும் சேர மாட்டேங்கிறீங்களே. அதையும் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க."

நான் சேரவில்லை என்று யார் சொன்னது? மத்தியானம் தனியாகச் சாப்பிடுகிறேன், சரி. எனக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் சாப்பாடு முடிந்துவிடும், அவர்களுக்கு ஐம்பது நிமிடம் ஆகும். ஒரு மாதமாக வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் பிரியாணிக் கடைக்குப் போகும்போது நான் போகவில்லை, அதுவும் சரி. எனக்கு வேலை இருந்தது. பிறந்தநாளுக்கு கேக் வெட்டினால் கைதட்டுகிறேன். இதற்கு மேல் எப்படிச் சேர்வது?

ஆனால் அவர் ஒரு வழியும் சொன்னார். மார்ச் பதினேழாம் தேதி அயர்லாந்திலிருந்து இரண்டு பேர் ஆபீசைப் பார்க்க வருகிறார்கள். அன்றைக்கு அவர்கள் நாட்டில் பேட்ரிக் நாள். அந்த நாளில் நம் ஆபீசில் வருஷா வருஷம் ஐரிஷ் பார்ட்டி நடக்கும். இந்த வருஷம் அதை நான் நடத்த வேண்டும். சாப்பாடு, அலங்காரம், எல்லாம். அறுபது பேருக்கு.

பயம் வந்தது. மறைக்க மாட்டேன். ஆனால் பயந்தால் நான் பட்டியல் போடுவேன். அன்று ராத்திரிக்குள் இருபத்தேழு வரி போட்டுவிட்டேன்.

வழக்கமாக நடத்துகிறவள் தர்ஷிணி. நல்ல பெண்தான், சத்தம் அதிகம். போன வருஷப் பட்டியலைத் தந்தாள். பச்சை பலூன், பச்சைத் தொப்பி, பச்சை எலுமிச்சை ஜூஸ், பச்சைப் பெயின்ட் அடித்த முகம், ஆட்டுக்கறி ஸ்டூ. இவ்வளவுதான் அயர்லாந்து. ஏன் பச்சை என்று கேட்டேன். "பச்சைன்னா பச்சைதான்பா, அதுக்கெல்லாம் காரணம் கேட்பாங்களா" என்றாள்.

நான் கேட்பேன். ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். படித்தால் என்ன தெரிகிறது? பதினேழாம் தேதி என்பது அந்தப் புனிதர் இறந்த நாள். இறந்த நாள் அக்கா! அது பார்ட்டியே இல்லை, திருவிழா. எங்கள் ஊரில் அந்தோணியார் திருவிழாவுக்கு நாங்கள் முகத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டா ஆடுகிறோம்? முதலில் கொடியேற்றம். பிறகு சப்பரம். பிறகு ஊருக்கே அசனம், அதாவது எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. இதுதான் முறை. அந்த இரண்டு பேரும் தங்கள் நாட்டுத் திருவிழா அன்று வீட்டைவிட்டு ஏழாயிரம் எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வருகிறார்கள். அவர்களுக்குத் திருவிழாவைக் கொடுக்காமல் பலூனைக் கொடுத்தால் மனசு என்ன பாடுபடும்?

இலைக் கதையைச் சொல்லியாக வேண்டும். அயர்லாந்துக்கு அடையாளம் ஒரு சின்ன இலை. பேட்ரிக் அதைக் கையில் பிடித்துத்தான் கடவுள் ஒருவர், ஆனால் மூன்று ஆள் என்று விளக்கினாராம். ஒரே காம்பு, மூன்று இலை. அச்சு அசல் நம் புளியாரை. வயல் வரப்பில் கிடக்குமே, நாக்கில் வைத்தால் புளிக்குமே, அதுபோல. தர்ஷிணி பாரிமுனையிலிருந்து இருநூறு காகித இலை வாங்கி வந்திருந்தாள். எண்ணிப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் நாலு இலை. நாலு இலை இருந்தால் அது ஆரைக்கீரை. கடவுளில் நாலாவது ஆள் யார்? கடைக்கே எடுத்துப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, "பாப்பா, நாலுதான் அதிர்ஷ்டம், எல்லாரும் நாலுதான் வாங்குறாங்க" என்றார். எல்லோரும் வாங்கினால் சரியாகிவிடுமா? திருப்பி எடுக்க மாட்டேன் என்றார். சரி, பரவாயில்லை. ஹாஸ்டலில் உட்கார்ந்து இருநூறு இலையிலும் ஒன்றை நானே கத்தரித்தேன். ஒரு பக்கம் ஆடு கடித்த மாதிரி இருந்தது. ஆனால் கணக்கு சரி.

பிறகு அயர்லாந்துக் கொடி. பச்சை, வெள்ளை, ஆரஞ்சு. குடியரசு தினத்துக்கு வாங்கிய ரிப்பன் ஸ்டோரில் இருந்தது. அதையே ஒட்டிவிடலாம் என்றாள் தர்ஷிணி. நெட்டுவாக்கில் வைத்தால் அவர்கள் கொடி, படுக்கைவாக்கில் வைத்தால் நம் கொடி, தவறிப்போய்த் தலைகீழாக ஒட்டிவிட்டால் நம் கொடியை அவமதித்ததாக யாராவது கேஸ் போட்டால்? யார் பெயரில் போடுவார்கள்? என் பெயரில். ரிப்பனே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பச்சைத் துணி வாங்கிப் படம் அச்சடித்து இந்தக் கொடியைச் செய்தேன். தர்ஷிணி பார்த்துவிட்டு, "யாருப்பா இது, சதுரகிரி சித்தரா?" என்றாள். ஹால் முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும்.

இப்போதுதான் சாப்பாடு வருகிறது. கவனமாகக் கேளுங்கள், இங்கேதான் எல்லோரும் என்னைக் குற்றம் சொல்கிறார்கள்.

என் அலமாரிக் கதவின் உள்பக்கம் எங்கள் பங்குக் கோயில் காலண்டர் ஒட்டியிருக்கிறேன். ஒரு நாள் அதில் பதினேழாம் தேதியைத் தேடினேன். வெள்ளிக்கிழமை. பக்கத்தில் சின்னதாக மீன் படம். உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஈஸ்டருக்கு முன்னால் எங்களுக்கு நாற்பது நாள் தவக்காலம். அதில் வெள்ளிக்கிழமை வந்தால் கறி தொடக்கூடாது, மீன் பரவாயில்லை. உங்கள் வீட்டில் புரட்டாசி சனிக்கிழமை எப்படியோ அப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஆட்டுக்கறி ஸ்டூ வைக்கப் போகிறோம், யாருக்கு? கத்தோலிக்க நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு, தவக்கால வெள்ளிக்கிழமையில், அவர்கள் புனிதரின் பெயரைச் சொல்லி.

உடனே கேன்டீனுக்குப் போனேன். முபாரக் அண்ணன்தான் கேன்டீன் கான்ட்ராக்ட். கறிக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். வேண்டாம் என்றேன். மீன் வையுங்கள், முள் எடுத்தது. முட்டைக்கோசு சேர்த்து மசித்த உருளைக்கிழங்கு, அது அவர்கள் ஊர்ச் சாப்பாடுதான், உப்பும் வெண்ணெயும் மட்டும். ஆப்பச்சோடா போட்ட கோதுமை ரொட்டி. கேன்டீனில் ரொட்டி சுடும் ஓவன் கிடையாது, அதனால் ரொட்டிக்கு வேளச்சேரியில் ஒரு பேக்கரியில் நானே பேசிவிட்டு வந்திருந்தேன். முபாரக் அண்ணன் பட்டியலைப் பார்த்து, "இது பார்ட்டி இல்லம்மா, ஆஸ்பத்திரி" என்றார். காரணத்தைச் சொன்னேன். அவர் வீட்டிலும் நோன்பு தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது, அதனால் புரியும் என்று நினைத்தேன்.

"நோம்பு அவங்கவங்க வைக்கிறதும்மா. அடுத்தவனுக்கு நாம எப்படி வைக்கிறது?"

அவருக்குக் கறி நின்றுபோன வருத்தம். வேறு என்ன?

சுதர்சன் சாரும் ஒன்று சொன்னார். அதைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையாகப் பேசியதாக ஆகாது. "ஒரு மெயில் போட்டு அவங்ககிட்டயே கேட்டுடுங்க வின்சி" என்றார். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? நோன்பைப் பற்றி ஒருவரிடம் கேட்கலாமா அக்கா? நோன்பு இருப்பதை வெளியில் காட்டிக்கொள்ளக் கூடாது என்று ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கேட்டால் அந்த மனிதர் கூச்சப்படுவார். நமக்காக, பரவாயில்லை, கறியே போடுங்கள் என்பார். பிறகு தட்டில் விழுந்ததைத் தின்னவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் உட்கார்ந்திருப்பார். சுற்றி எல்லோரும் சாப்பிடும்போது, ஒரு ஆள் மட்டும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, இப்போதுதான் சாப்பிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு... அது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? விருந்தாளி வாய் திறந்து சொல்ல மாட்டார். நாம்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

சார் கையை விரித்தார். உங்கள் பொறுப்பு என்றார். சரி என்றேன். ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவின் பெயர் அதுவரை 'ஐரிஷ் பார்ட்டி'. சாயங்காலமே யாரோ அதைக் 'கஞ்சிப் பார்ட்டி' என்று மாற்றினார்கள். மறுநாள் அதுவும் போய் 'பதினாறாம் நாள் காரியம்' என்று வந்தது. நான் எதையும் மாற்றவில்லை. கீழே பந்தி நேரத்தை மட்டும் போட்டேன். பன்னிரண்டரை.

பதினேழாம் தேதி காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். வாசலில் காகித இலைத் தோரணம். ஹால் நடுவில், டிவி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஒரு சின்னச் சப்பரம், உள்ளே பேட்ரிக் படம், சுற்றிலும் சாமந்தி. மெழுகுவர்த்தி வைத்தேன், செக்யூரிட்டி வந்து அணைத்தார், பேட்டரி மெழுகுவர்த்தி வைத்தேன். திரைச்சீலைக் கம்பியில் கொடி. மேசைகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துப் போட்டேன், அறுபது பேரும் ஒரே வரிசையாக உட்காருவது போல. வழக்கமாக அந்த ஹாலில் நாலு நாலு பேராகத்தான் உட்காருவார்கள். நிஜமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது அக்கா. எங்கள் ஊர்க் கோயில் மைதானம் மாதிரியே இருந்தது.

விருந்தாளிகள் பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். ஒருவர் டெக்லன், ஆறடி உயரம், பச்சை டை கட்டியிருந்தார். இன்னொருவர் நோரீன் என்று ஒரு அம்மா, ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசவில்லை. டெக்லனைக் கொடியேற்றச் சொன்னேன். கயிற்றை இழுத்து ஏற்றிவிட்டு அவரே கைதட்டினார். இலையை உற்றுப் பார்த்தார். ஒரு இலை எங்கே போனது என்று கேட்டார். நான் எடுத்துவிட்டேன், மூன்றுதான் சரி என்றேன். இதைச் சரியாகச் செய்த முதல் ஆபீஸ் இதுதான் என்று சொல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோரும் பார்த்தார்கள். தர்ஷிணியும் பார்த்தாள். அந்த அரை மணி நேரத்தை யாராலும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

பன்னிரண்டரைக்குப் பந்தி. டெக்லன் தட்டை எடுத்துக்கொண்டு மேசை ஓரமாகவே போனார். ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார். கடைசி மூடி வரை போய்விட்டுத் திரும்பி வந்து என்னிடம், ஆட்டுக்கறி எங்கே என்று கேட்டார். மூன்று நாளாக ஹோட்டலில் பனீராகவே தருகிறார்களாம். இங்கே கறி உண்டு என்று போன வருஷம் வந்தவர் சொல்லி அனுப்பியிருக்கிறாராம். நான் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, சார், இன்றைக்குத் தவக்கால வெள்ளி என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, ஆனால் பெரிய சிரிப்பு. பேட்ரிக் நாள் எந்தக் கிழமையில் வந்தாலும் அயர்லாந்தில் அன்றைக்குக் கறி உண்டாம். பெருவிழா என்பதால் வெள்ளிக்கிழமை ஒறுத்தல், அதாவது கறி விலக்கு, அன்றைக்குக் கிடையாதாம். தினமும் பூசைக்குப் போகிற அவருடைய அம்மாவே அன்றைக்குப் பன்றியிறைச்சியும் முட்டைக்கோசும் சமைப்பாராம். அவர் கோயிலுக்குள் போயே முப்பது வருஷம் ஆகிறதாம். இவ்வளவையும் ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அவர் குரலே அப்படி.

இதுதான் என் தப்பு. எனக்கு அந்த விதி தெரியாது. மறுநாள் எங்கள் பங்குச் சாமியாருக்கு போன் போட்டுக் கேட்டேன், அவரும் அதையேதான் சொன்னார். "முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றார். சரி. கேட்டிருக்கலாம்.

ஆனால் தர்ஷிணி செய்தது? அரை மணி நேரத்தில் பிரியாணி வந்து இறங்கியது. இரண்டு பெரிய வாளி. எப்படி வந்தது? அவள் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறாள். சேர்த்துப் போட்ட மேசையிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஹாலின் அந்தக் கோடியில் வாளியைச் சுற்றி நின்றபடியே சாப்பிட்டார்கள். டெக்லனும் போனார். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சுதர்சன் சார் கொஞ்சம் தயங்கிவிட்டுப் போனார்.

நீளமான மேசை. அறுபது தட்டு. நான், அந்த நோரீன் அம்மா, இரண்டு பேர். அவர் உருளைக்கிழங்கை இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டார். நீங்களும் வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டீர்களா அம்மா என்று கேட்டேன். நான் கத்தோலிக்கரே இல்லை, எனக்கு இது பிடித்திருக்கிறது என்றார். பிறகு, நீ ஊருக்குப் போய் எவ்வளவு நாள் ஆகிறது என்று கேட்டார். ஐந்து மாதம் என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வெள்ளைக்காரர்கள் இப்படித்தான், சாப்பிடும்போது எதையாவது கேட்பார்கள்.

திங்கட்கிழமை சார் கூப்பிட்டார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்ப வேண்டும் என்றார். இரண்டே வரி, அவரே எழுதி வைத்திருந்தார். விருந்தாளிகளைக் கேட்காமல் உணவை முடிவு செய்ததற்கு மன்னிக்கவும், இது ஒரு வரி. என் தனிப்பட்ட நம்பிக்கையை அலுவலக விருந்தில் புகுத்தியதற்கு மன்னிக்கவும், இது இன்னொரு வரி. இதை அனுப்பினால் அவர் என் பேப்பரில் கையெழுத்துப் போடுவார். அனுப்பாவிட்டால், மேலிடத்தில் என்ன சொல்லி என்னை வைத்துக்கொள்வது என்று அவரே என்னைக் கேட்டார்.

முதல் வரிக்கு நான் தயார். அப்போதே சொன்னேன். இரண்டாவது வரி பொய். நான் யோசித்ததெல்லாம் அவர்களுடைய நம்பிக்கையை அக்கா. அவர்கள் நாடு, அவர்கள் புனிதர், அவர்கள் நோன்பு. அவர்களே மதிக்காததை நான் மதித்தேன். இதில் என் தனிப்பட்டது எங்கே இருக்கிறது? ஆறு மாதமாக மற்றவர்கள் எழுதும் காகிதத்தில் பொய் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. என் சொந்தக் காகிதத்தில் பொய்யை எழுதிக் கீழே பெயர் போட்டால் பிறகு நான் எந்த முகத்தோடு அடுத்தவரின் உடைந்த கையைச் சரிபார்ப்பது?

ஊருக்குப் போய் யோசித்துவிட்டுத் திங்கள் காலை ஒன்பது மணிக்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார். யோசிக்க ஒன்றும் இல்லை. இதோ பாருங்கள், போனிலேயே இருக்கிறது. ஐந்து நாளில் ஐம்பது தடவை படித்திருப்பேன். அனுப்ப மாட்டேன். வேலை போனால் போகட்டும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான்... அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பிடப் போகிறீர்களா? சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள், நான் பேசிக்கொண்டே மணியைப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டாம் அக்கா. கூச்சமெல்லாம் இல்லை. தயிர்ச்சாதத்துக்குக் கோழி வறுவலா? மூடியைத் திறக்கும்போதே தெரிந்தது. இல்லை, வேண்டாம்.

ஆமாம், இன்றைக்குச் சனிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை மட்டும்தான் என்று நானேதான் சொன்னேன். அது எல்லோருக்கும் பொது. இது வேறு. நான் நாற்பது நாளும் கறி தொடுவதில்லை. நேர்ச்சை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்றைக்கு அம்மா போன் போட்டு, "நாப்பது நாளும் வாயக் கட்டிருட்டீ, அந்தோணியார் உன் வேலைய நெலையாக்கித் தருவார்" என்றாள். அவளும் அங்கே நோன்பு இருக்கிறாள், நானும் இங்கே இருக்கிறேன். ஆபீசில் யாருக்கும் தெரியாது. ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இல்லை அக்கா, அது வேறு, இது வேறு. பட்டியல் போடும்போது என் நேர்ச்சை ஞாபகத்திலேயே இல்லை. நான் நினைத்ததெல்லாம் விருந்தாளிகளைத்தான்.

என்ன கேட்டீர்கள்?

"கறி ஆக்கியிருந்தா அன்னைக்கு நீ என்னத்தச் சாப்பிட்டிருப்ப?"

நானா? ரொட்டி இருந்ததே. இல்லை, கறி வைத்திருந்தால் ரொட்டியை ஸ்டூவுக்குத் துணையாகத்தான் வைத்திருப்போம், எல்லோரும் அதில் தொட்டுக்கொண்டு... நான் எதையாவது... தண்ணீர் பாட்டில் இருக்கும். இப்போதுதான் சாப்பிட்டேன் என்று சொல்லியிருப்பேன். வழக்கமாக அப்படித்தான் சொல்வது. இலை கத்தரித்தது நான், மேசை சேர்த்தது நான், அறுபது பேரை உட்கார வைப்பதும் நான், அப்புறம் நான் போய்ச் சுவர் ஓரமாக...

இருங்கள் அக்கா. ஒரு நிமிடம்.

இது என் இருபத்தேழு வரியில் எங்கும் இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் இல்லை என்று சொல்லிவிட முடியுமா என்றால், தெரியவில்லை. தூக்குக்குண்டு கொஞ்சம் ஆடுகிறது. ஆடினால் ஆடுகிறது என்று சொல்வதுதான் முறை.

அது எந்த ஸ்டேஷன், விருத்தாசலமா? வண்டி நின்றால் டவர் கிடைக்கும். கொஞ்சம் இந்தப் பையைப் பிடியுங்கள். சார் எழுதிய இரண்டு வரியையும் எடுத்துவிட்டேன். நானே எழுதுகிறேன். இங்கிலீஷில்தான் எழுதுகிறேன், உங்களுக்குத் தமிழில் வாசிக்கிறேன். சரியா என்று பாருங்கள். 'விருந்தாளிகளைக் கேட்காமல் கறியை நிறுத்தினேன். அது தப்பு, மன்னிக்கவும். எனக்கு நோன்பு இருந்தது. நான் ஏற்பாடு செய்த பந்தியில் நானும் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்டேன். அது தப்பு இல்லை.'

இல்லை, கடைசி வரியை எடுக்க மாட்டேன். நீங்கள் சொன்னாலும் எடுக்க மாட்டேன். 'மன்னிக்கவும்' ஒரு தடவை போதும், அதற்குரிய இடத்தில் போட்டாகிவிட்டது. கையெழுத்துப் போடுவதும் போடாததும் அவர் பாடு.

மெயில் போய்விட்டது.

இப்போதுதான் பசிக்கிறது, காலையில் ஒரு டீதான் குடித்தேன். அந்தத் தயிர்ச்சாதத்தில் எனக்கும் கொஞ்சம் வையுங்கள் அக்கா. மூடியிலேயே போதும். கோழியை மறைத்துக்கொண்டு நீங்கள் எதற்குத் திரும்பி உட்காருகிறீர்கள்? கோழி இந்தப் பக்கமே இருக்கட்டும்.